நோகாத கண்

எங்கள் தீவு ஆஸ்பத்திரியின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு சின்னக் குப்பி இருக்கும். சுண்டுவிரல் நீளம்கூட வராது. கண்ணை விறைக்கச் செய்யும் மருந்து. ஒரு சொட்டு விட்டால் அரை நிமிடத்தில் உணர்வு போய்விடும். ஊசி முனையால் தூசியைத் தோண்டி எடுத்தாலும் ஆள் அசையமாட்டார். நெடுந்தீவில் ஆண் தாதியாக வேலை செய்யும் எனக்கு அந்தக் குப்பியைத் தொடும்போதெல்லாம் அத்தானின் முகம்தான் முன்னால் வரும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இரும்புக் கேற், யன்னல் கம்பி, வள்ளத்து எஞ்சின் தாங்கி எல்லாம் வெல்டிங் செய்பவர். கண்ணாடி போடச் சொன்னால், "அதைப் போட்டால் எனக்கு வேலை ஓடாது" என்பார். அத்தனை வீம்பு. சோளகக் காற்று பலமாக அடித்த ஒரு நாளில் அவருடைய வலக்கண்ணில் இரும்புத் துகள் ஏறியது. எங்கள் டொக்டர் ஒரு சொட்டு விட்டுத் துகளை எடுத்துக் கண்ணைக் கட்டிவிட்டார். இரண்டு நாள் நோகும், கட்டைப் பிரிக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பின்னேரம் அக்கா ஓடி வந்தாள். "தம்பி, மனுசன் சுவரில தலையை மோதுறார். பாக்க ஏலாமல் கிடக்கு. அந்த விறைப்பு மருந்தைத் தாவன், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்." அதை வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஏன் கூடாது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. மருந்து வீணாகிவிடும் என்று யாரோ போட்ட விதியாக்கும் என நினைத்திருந்தேன். அன்று காலை திறந்த குப்பியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய், கட்டை விலக்கி ஒரு சொட்டு விட்டேன்.

"நோகுதோ அத்தான்?"

"இல்லையப்பா. உம்மட கையைக் கும்பிடவேணும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. குப்பியை அவரிடமே விட்டுவந்தேன். ஒரு சொட்டு இருபது நிமிடம் தாங்கும். பிறகு முன்னதைவிட மோசமாக வலிக்கும். திரும்ப ஒரு சொட்டு. அவர் கட்டைப் பிரித்து எறிந்துவிட்டு, குப்பியும் கையுமாக வேலைக்கே போய்விட்டார். நான்காம் நாள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கருவிழியைச் சுற்றித் தேங்காய்ப்பால் நிறத்தில் ஒரு வளையம். காயம் ஆறவிடாமல் அந்த மருந்தே கண்ணின் மேல்தோலைத் தின்றிருக்கிறது. குப்பியைக் கேட்டேன். தரவில்லை. "இது இல்லாட்டில் நான் செத்துப்போவன்" என்று அழுதார். குப்பியைப் பற்றித் தெரியாத எங்கள் டொக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, கிருமி என்று எண்ணி, யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார். கடல் விடவில்லை. படகு ஓடாத இரண்டு நாளும் இறங்குதுறையில் நின்று அலையைத் திட்டினேன். உண்மையில் திட்டவேண்டியவன் நான்தான்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கண் டொக்டர் கேட்டார், "வேறை என்ன மருந்து விட்டனீங்கள்?"

"ஒண்டும் விடேல்லை, டொக்டர்" என்றார் அத்தான். அவருடைய கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தது. நல்ல கண் ஒருமுறை என் பக்கம் திரும்பியது. என் வேலையைக் காப்பாற்ற அவர் பொய் சொல்கிறார். நான் சுவரைப் பார்த்தேன். மூன்று நாள் கிருமிக்கு வைத்தியம் நடந்தது. மூன்று நாளும் குப்பி தலையணைக்குக் கீழே இருந்தது. கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன். வாயைத் திறந்தால் என் வேலை, திறக்காவிட்டால் அவர் கண். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு மூன்று நாள் பிடித்தது.

நான் சொன்னதும் டொக்டர் ஏசவில்லை. பஞ்சைத் திரித்து அதன் நுனியால் அத்தானின் கருவிழியைத் தொட்டார். இமை அசையவில்லை. குப்பியைப் பிடுங்கி எடுத்தார்கள். கண் தப்பியது, பார்வை தப்பவில்லை, உணர்வும் திரும்பவில்லை. விசாரணை வைத்து, எச்சரித்து, என்னை வேலையில் விட்டுவிட்டார்கள். இன்றுவரை எனக்கு வெட்கம் அதுதான்.

போன கிழமை ஆஸ்பத்திரி கேற்றை வெல்டிங் செய்ய அத்தான் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். அதைக் கழற்றியபோது பார்த்தேன்: வெள்ளை படிந்த அந்தக் கண்ணில் ஒரு மணல் குருணி ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போது விழுந்ததோ, அவருக்குத் தெரியாது. உள்ளே கூட்டிவந்து இருத்தி, பழக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தேன். மூடியைத் திருகும்போதுதான் உறைத்தது. திரும்ப வைத்துவிட்டு, வெறும் பஞ்சு நுனியால் குருணியை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நோகுதோ அத்தான்?"

"இல்லையப்பா."