பிள்ளையாரின் மாலை

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இருந்த ஒரே இலட்சியம், ஒருவர் கண்ணிலும் படாமல் பத்தாம் வகுப்புக்குப் போய்ச் சேர்வது. நாடு விட்டு வந்து நாங்கள் குடியேறிய மல்வேர்னில், எங்கள் ஹைஸ்கூலில் ஹோம்கமிங் கொண்டாட்ட வாரம் தொடங்கியதும் அதற்குச் சோதனை வந்தது. திங்கட்கிழமை எல்லோரும் பைஜாமாவோடு வர வேண்டுமாம். "படுக்கிற உடுப்போட ஆரடா பள்ளிக்கூடம் போவினம்?" என்று அம்மா சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டு அனுப்பினார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பைஜாமா போடாத என்னைத்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை ஃபுட்போல் மட்ச், வீட்டுக்காரரும் வரலாம் என்று சாப்பாட்டு மேசையில் நான் உளறியதுதான் வினை. எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ரில் இருந்த மாமா, நைற் ஷிப்ற் முடித்து அரைத் தூக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார்.

"பழைய மாணவரும் வருவினமோ?"

"ஓம்."

"அப்ப பிக் மட்ச் எண்டு சொல்லன்!"

ஊரில் மாமாவின் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் வருடாவருடம் கிரிக்கெட் நடக்கும். ஒருவன் ஐம்பது அடித்தால் பழைய மாணவர்கள் மைதானத்துக்குள் ஓடிப்போய், மாலை போட்டு, ஆடிவிட்டுத்தான் திரும்புவார்கள். சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குள் ஆமி முகாம் போட்டு, வகுப்புகள் வேறிடம் போனதோடு அந்த மட்ச் நின்றுபோனது.

வெள்ளிக்கிழமை மாமா படுக்கவே இல்லை. ஒரு பால்மாத் தகர ரின்னும் அகப்பையுமாக வந்து, வேலியோரம் நின்று தாளம் போட்டார். நான் ஜக்கெற் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டேன். அந்த விளையாட்டில் பந்து முட்டை வடிவம். காலால் உதைப்பதோ எப்போதாவது. மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எங்கள் அணியின் நெட்டைப் பெடியன் ஒருவன் பந்தோடு கோட்டைத் தாண்ட, சனம் எழும்பிக் கத்தியது. அது மாமாவுக்கு நன்றாகவே விளங்கியது.

ஐயோ, வேலியைத் தாண்டிவிட்டார்! கையில் செவ்வந்தி மாலை. நேரே ஓடி அந்தப் பெடியனுக்குப் போட்டார். ஹெல்மெற் பெரிதென்பதால் அது முகக் கம்பியில் மாட்டித் தொங்கியது. நடுவர் விசிலை ஊதி, செம்மஞ்சள் துணியொன்றை வீசினார். தண்டனை என்று அர்த்தம். அவரும் கொண்டாடுகிறார் என்று நினைத்த மாமா, துணியைப் பொறுக்கித் தலைக்கு மேலே சுழற்றிச் சுழற்றி ஆடினார்.

இரண்டு ரீச்சர்மார் அவரைக் கூட்டிக்கொண்டு வரும்போது சனத்துக்குள் மாமா என்னைக் கண்டுபிடித்து, "மருமோன்! கண்டனியே?" என்று கத்தினார். திரும்பவும் முழுப் பள்ளிக்கூடமும் என்னைப் பார்த்தது.

காருக்குள் நான் அழாத குறை. "அந்த மாலை எங்கால?" என்று கேட்டேன்.

"கொம்மா சாமிப்படத்துக்கு வாங்கி வச்சது. பிள்ளையார் ஒண்டும் சொல்லமாட்டார்."

அம்மா சொல்லுவார் என்பது இருவருக்கும் தெரியும்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. மாமா கேட்டார்: "உந்தப் பள்ளிக்கூடம் வாற வருசமும் உதே இடத்தில இருக்கும்தானே?"

கோபமெல்லாம் மறந்து விழுந்து விழுந்து சிரித்தேன். "பள்ளிக்கூடம் எங்க மாமா எழும்பிப் போறது?"

அவர் சிரிக்கவில்லை. "இல்லை, இருக்குமெண்டு சொல்லன்."

பச்சை விழுந்து பின்னால் ஹோர்ன் அடித்தும் காரை எடுக்கவில்லை.

"ஓம் மாமா, இருக்கும்," என்றேன். கார் புறப்பட்டது. மாமாவுக்கு அந்த விளையாட்டுத்தான் விளங்காது என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் என்றால் என்ன என்பதுகூட விளங்கவில்லையே என்று, வீடு வந்து சேரும்வரை அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.