கறி இல்லாத நாட்களின் மருந்து

என் மாமனாரின் மருந்துப் புட்டியைத் திறந்தால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் வாசனை வரும். பழுப்புக் கண்ணாடிப் புட்டி. உள்ளே மோர்க்குழம்பு பதத்தில் வெள்ளையாக ஒரு திரவம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கப்பலில் வேலை பார்த்த ஒரு தம்பி; அவர் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் புட்டி நிற்கும். மாமா சாப்பிட உட்காரும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு பெரிய கரண்டி விழுங்குவார். இன்று அதே சரக்கை வெண்ணெய் மாதிரி ஒன்றில் கலந்து டப்பாவில் விற்கிறார்கள். கடையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மாமா ஒரு மாரடைப்பிலிருந்து பிழைத்து எழுந்திருந்தார். இன்னொன்று வந்தால் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏகத்துக்கு இருந்தது. இந்த மருந்தைக் குடியுங்கள், ஈஸ்டர் முடிந்ததும் ரத்தம் எடுத்துப் பார்ப்போம், குறைந்திருந்தால் தொடரலாம் என்றார். மருந்து என்ன செய்யும் என்று மாமா கேட்டதற்கு, "சாப்பாட்டுல வர்ற கொழுப்ப உள்ள விடாது சார்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அந்த ஒரு வரிதான் எல்லா வம்புக்கும் ஆரம்பம்.

சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்கியது. ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அடுத்த நாளே மேஜைமேல் புட்டியைக் காணோம். அத்தை அதைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டிருந்தார்.

"கறியே இல்ல, மருந்து எதப் போய் தடுக்கும்? ஈஸ்டருக்கு பிரியாணி இருக்குது, அப்ப குடிக்கிறேன். ஃபாரின் சரக்கும்மா, சும்மா வேஸ்ட் பண்ணக் கூடாது" என்றார் மாமா.

நான் அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் ரசாயனம் நடத்திக்கொண்டிருந்தேன். தெரிந்த மட்டும் எடுத்துச் சொன்னேன். செடிகளிலிருந்து எடுக்கும் இந்தப் பொருள் பார்வைக்கு கொலஸ்ட்ராலின் உடன்பிறப்பு. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, குடலில் கொலஸ்ட்ராலுக்கு முன்பாக முண்டியடித்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தான் ரத்தத்துக்குள் போவது மிகக் கொஞ்சம். இடம் கிடைக்காத கொலஸ்ட்ரால் மலத்தோடு வெளியேறிவிடும். அந்த இடம் என்பது பித்தநீர் உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாத துளிகள் என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது. பஸ் கதையை மாமா ரசித்துச் சிரித்தார். அவர் ஏற்காதது ஒன்றே ஒன்றுதான். குடலுக்கு வரும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு கறியிலிருந்து வருவதில்லை. நம் ஈரலே அதை உண்டாக்கிப் பித்தநீரோடு தினமும் கொட்டுகிறது. கீரையும் சோறும் தின்றாலும் கொட்டத்தான் செய்யும், அதையும் சேர்த்துத்தான் மருந்து தடுக்க வேண்டும்.

"ஏம்மா, ஆண்டவருக்காக நான் வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன். என் ஈரலே எனக்குத் துரோகம் பண்ணுமா?" என்று கேட்டார். என் கணவரோ, "அப்பாகிட்ட ஆர்க்யூ பண்ணாதே" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். ரசத்தில் கலந்து கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்தச் சுண்ணாம்பு ருசி எந்த ரசத்திலும் மறையாது. வகுப்பில் அத்தனை பெண்களுக்குப் புரியவைக்க முடிந்த எனக்கு வீட்டில் ஒருவரை அசைக்க முடியவில்லை. பல நாள் கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடித்திருக்கிறேன்.

ஈஸ்டர் கழிந்து ரத்தம் எடுத்தார்கள். அளவு துளியும் இறங்கவில்லை. தவக்காலம் முழுக்க கறிக்குப் பதிலாக நெய்யும் தேங்காயும் தாராளமாக உள்ளே போயிருந்தன. டாக்டரைப் பார்க்க மாமாவோடு நானும் போயிருந்தேன்.

"மருந்த ஒழுங்கா குடிச்சீங்களா சார்?"

"ஒரு வேளை தவறல டாக்டர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல டாக்டர், தவக்காலம் பூரா தொடவே இல்ல" என்றேன். டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா சாந்தமாக, "மருமகளுக்கு என்மேல ரொம்பக் கவலை" என்றார். டாக்டரும் சிரித்துக்கொண்டே, "இந்த மருந்து உங்களுக்குக் கேக்கல சார், நிறுத்திடலாம்" என்று சீட்டில் அதை அடித்துவிட்டார்.

திரும்பும்போது ஜட்கா வண்டியிலேயே கேட்டுவிட்டேன். "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"கறி தின்ன நாள்ல ஒரு வேளையாவது விட்டேனா? நீயே சொல்லு."

அவரைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. பொய் என்று தெரிந்து சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

அந்த மழைக்காலத்திலேயே இரண்டாவது மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருந்து குடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அது குறைப்பது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்பதுதான் ஆறவில்லை.

அடக்கப் பூசையில் பங்குச் சாமியார் மாமாவைப் பற்றிப் பேசினார். நெஞ்சில் நோயை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடத் தவறாமல் தவக்காலத்தைக் கடைப்பிடித்த மனிதர் என்றார். கோவில் முழுக்க விசும்பல் சத்தம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் வாய்விட்டு அழுதேன். மாமனார்மேல் எவ்வளவு பாசம் பார் என்று பின் வரிசையில் யாரோ சொன்னார்கள். பாசம்தான். ஆனால் அன்று வந்த கண்ணீர் முழுக்கக் கோபம்.