நாலு அங்குல மேனேஜர்

எங்கள் மேனேஜர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறார் என்று தெரிந்ததும் கழக்கூட்டம் ஆபீசில் எல்லோரும் வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்கள். நானும்தான். எட்டு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள் நான். அடுத்தவர் செய்த வேலையைத் தன் பெயரில் மேலே அனுப்புவதும், லீவு கேட்டால் கல்யாணமா சாவா என்று விசாரிப்பதும் தவிர அவர் வேறெதுவும் செய்து நான் பார்த்ததில்லை. நாகர்கோவில்காரர். மலையாளிகள் நடுவே நானும் தமிழ் என்பதால் என்னிடம் தனி உரிமை எடுத்துக்கொள்வார். சனிக்கிழமை வேலைக்கு வரச் சொல்லத்தான் அந்த உரிமை பயன்பட்டது.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. கை, கால், முழங்கால் எல்லாம் மடங்குகிற சின்னப் பொம்மை வீரர்களை வாங்கி வெந்நீரில் போட்டு இளக்குவேன். தலையைக் கழற்றி, ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் கையை மாட்டி, தேவையான இடத்தில் புட்டி என்கிற பசைமாவை அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் பூசி வேறு ஆளாக்கிவிடுவேன். கரமனையில் என் அறை அலமாரி முழுக்க ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒன்றில் கைகள், ஒன்றில் தலைகள், ஒன்றில் பூட்ஸ் போட்ட கால்கள். பஸ் கண்டக்டர், மீன் விற்கிற அம்மா, லாட்டரிச் சீட்டு விற்கிறவர் என்று ஊரில் தினம் பார்க்கிற ஆட்களைத்தான் செய்வேன். லாட்டரிக்காரரை ஆபீஸ் மேஜையில் வைத்திருந்ததுதான் நான் செய்த தப்பு.

எங்கள் டீம் லீட் அதைப் பார்த்துவிட்டான். மேனேஜர் தும்மினால் தன் கைக்குட்டையை நீட்டுகிற ஆள் அவன்.

"சேச்சி, சாருக்கு ஃபேர்வெல் கிஃப்டா ஒரு பொம்மை செஞ்சு குடுங்க. உங்களுக்கு அரை மணிக்கூர் வேலை அல்லே?"

மூன்று வாரம் ஆகும் என்றேன். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துச் சிரித்தான்.

எட்டு வருட எரிச்சலையும் வைத்துத்தான் அந்தப் பொம்மையைச் செய்தேன். ஒரு மல்யுத்தக்காரனின் உடம்பை எடுத்து மார்பைச் சீவித் தள்ளினேன். புட்டியில் தொப்பை வைத்து, சட்டையின் மூன்றாவது பொத்தான் தெறிக்கப் போகிற மாதிரி இழுத்துவிட்டேன். வலது கைக்குத் துப்பாக்கி வீரன் ஒருவனின் கை. விசையை அழுத்துவதற்காக அதில் ஆள்காட்டி விரல் மட்டும் தனியே நீண்டிருக்கும். மேனேஜர் எங்களிடம் பேசுவதே அந்த விரலால்தான். கழுத்தை முன்னால் தள்ளி மாட்டினேன். செம்புக் கம்பியை வளைத்துக் கண்ணாடி செய்து நெற்றியில் ஏற்றினேன். வழுக்கைக்குக் குறுக்கே மூன்று முடி, மெல்லிய தூரிகையால் மூன்றே இழுப்பு. முடித்து நிறுத்தியபோது எனக்கே லேசாகப் பயம் வந்தது. லீவு கேட்டால் மறுத்துவிடும் போலிருந்தது. அதைவிட நல்ல பொம்மையை நான் செய்ததில்லை.

இது ரகசியமாக இருக்க வேண்டிய பரிசு. ஆனால் நல்ல பெயர் தனக்கு முதலில் வந்துவிட வேண்டுமே என்று டீம் லீட் அதைப் படம் எடுத்து மேனேஜரிடமே காட்டிவிட்டான். மறுநாள் அவர் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார்.

"இரி, இரி. நல்லா பண்ணியிருக்கே, கேட்டியா. கொள்ளாம். பட்சே இந்த வயிறு... போட்டோ எடுத்த ஆங்கிளா இருக்குமோ?"

"இருக்கலாம் சார்."

"ஒரு இம்புடு கொறச்சிரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

வயிற்றைக் குறைப்பதற்குள் மெயில் வந்தது. முடி இன்னும் கொஞ்சம் வேண்டும். அதைச் செய்ததும் அடுத்தது: நிறத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், ஆபீஸ் விளக்கில் தான் கறுப்பாகத் தெரிவதுண்டு. பிறகு தோள். பிறகு உயரம். விரல் நீட்டியிருப்பது மரியாதையாக இல்லை, கையைக் கட்டியிருந்தால் தலைவர் மாதிரி இருக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் எண் போட்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது ஆள், பெரிய கம்பெனியில் இருநூறு பேரை மேய்க்கிறவர், ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் தாடையைப் பற்றி நாலு பத்தி எழுதினார்.

நானோ ஒவ்வொரு முறையும் "சரி சார்" என்றேன். அவரைவிட அந்த "சரி சார்" சொன்னவள் மேல்தான் எனக்கு இன்று அருவருப்பு அதிகம்.

நான்காவது திருத்தத்தோடு முதல் பொம்மையை எடுத்து வைத்துவிட்டேன். அதன் வயிற்றையும் முடியையும் நிறத்தையும் பழையபடி ஆக்கிவிட்டு, பறக்கிற வீரன் ஒருவனின் உடம்பில் புதிதாக ஆரம்பித்தேன். அகலத் தோள், ஒட்டிய வயிறு, அடர்ந்த முடி, ரோஜா நிறம். அவர் பார்த்துவிட்டு, "இப்போ சரியாச்சு," என்றார்.

பிரிவு விழா ஆபீஸ் கேன்டீனில் நடந்தது. அவர் மனைவியும் வந்திருந்தார். டீம் லீட் தானே செய்ததுபோல் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி அந்த அம்மாவிடம் கொடுத்தான். அவர் பிரித்து, கண்ணாடியைப் போட்டு, பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆரு? கிரிக்கெட்காரனா?"

"சாராக்கும் மேடம்!" என்றான் டீம் லீட்.

"எந்த சார்?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, போனில் இருந்த முதல் பொம்மையின் படத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். அந்த அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஐயோ, இதாக்கும் அவரு! இந்த வெரலப் பாரு! வீட்டுல ஃபேன அணைக்கச் சொல்லுகதும் இதே வெரலாலதான்!"

"அது பழைய வெர்ஷன்," என்றார் மேனேஜர். முகம் கடுகடுவென்றிருந்தது. எனக்கு அன்று சாப்பிட்ட கேக் போல் எந்தக் கேக்கும் இனித்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா கேட்டு விசாரித்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பழைய பொம்மை வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். அதை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு பேசினார்.

"இவரப் பெத்த அம்மை படுத்துக் கெடந்தப்போ ரெண்டு வருஷம் இவருதான், மக்களே, எல்லாம் பாத்தாரு. குளிப்பாட்டி, கஞ்சி குடுத்து... நர்ஸ் வச்சா அம்மைக்குப் பிடிக்காது. அப்பவும் இந்த வெரல நீட்டி 'வாயத் தொற'ன்னு அதட்டுவாரு. அவ பயந்து தொறப்பா."

இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். எட்டு வருடத்தில் அந்த மனிதர் எங்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் அவரைக் கொஞ்சம் குறைவாக வெறுத்திருப்பேனோ என்னவோ. அப்போது பொம்மை இத்தனை நன்றாக வந்திருக்காது. அவர் என் லீவை மறுத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, அதில் ஒன்றையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த அம்மா பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்து, "அவருக்குத் தெரியாண்டாம், கேட்டியா," என்றபோது, கழுத்து மூட்டு தளர்வாக இருக்கிறது, திருப்ப வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

புது மேனேஜர் வந்த மூன்றாம் நாள் டீம் லீட் என் மேஜைக்கு வந்து நின்றான்.

"சேச்சி, புதிய சாருக்கு வெல்கமா ஒண்ணு..."

முடியாது என்றேன்.

"ஏன் சேச்சி, பார்ட்ஸ் தீர்ந்து போச்சா?"

ஆமாம் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தேன். புது ஆளை நான் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை என்று சொன்னால் அவனுக்கு விளங்கியிருக்காது.