ஹரோவில் நாற்பத்தேழு வாசல்கள்

சனிக்கிழமை, காலை 7.20. ஹீத்ரோவில் இறங்கியபோது என் கையில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர், காதை மூடும் கம்பளிக் குல்லா. லண்டன் குளிரில் விறைத்துப்போவாய் என்று திருச்சியில் தெருவே கூடிப் பயமுறுத்தி அனுப்பியிருந்தது. வெளியே வந்தால் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. 1990ஆம் வருஷ மே மாதம் அங்கே அப்படித்தான் தொடங்கியது. எனக்கு வாய்க்கிற அதிர்ஷ்டம் எப்போதும் இந்த வகை.

அழைத்துப்போக யோகநாதன் வந்திருந்தார். என் தங்கை வசந்தியின் கணவர். யாழ்ப்பாணத்துக்காரர், திருச்சியில் பொறியியல் படிக்க வந்து, எங்கள் தெருவில் அறையெடுத்துத் தங்கி, வசந்தியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டவர். காரின் பின்பக்கத்தைத் திறந்தார். பெட்டி வைக்க இடமில்லை. அத்தனையும் நீல நிறச் சுவரொட்டிகள். அவர்கள் குடியிருந்த ஹரோ வரை பன்னிரண்டு மைல் தூரமும் என் பெட்டியை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

என்னய்யா இது என்று கேட்டேன். வியாழக்கிழமை கவுன்சில் தேர்தலாம். நம் ஊர் நகராட்சி மாதிரி. தேம்ஸில் படகு, கோபுரப் பாலம், மியூசியம் என்று நான் ஒரு தாளில் பட்டியல் போட்டு வந்திருந்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு யோகன் மரியாதையாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வியாழன் மட்டும் பொறுங்கோ அக்கா. அதுக்குப் பிறகு லண்டன் முழுக்கக் காட்டுறன்."

இரண்டு வார விடுப்பில் முதல் வாரம் அதிலேயே போயிற்று.

சனி, பிற்பகல் 2.00. குளித்துச் சாப்பிட்ட கையோடு ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். செங்கல் சுவர், ஒரு மூலையில் ஓதம், சனிக்கிழமைதோறும் அதற்குள் அறுபத்திரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. நான் பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பு நடக்கிற லட்சணம் வாசலிலேயே தெரிந்துவிடும். இங்கே நன்றாகத்தான் நடந்தது. யோகன்தான் பள்ளிக்குச் செயலாளர். இந்த மண்டபத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கக் கவுன்சிலில் பேச்சு நடக்கிறதாம். அங்கே இரண்டு கட்சியும் கிட்டத்தட்டச் சமம், ஒரே ஒருவர் இடம் மாறினாலும் தீர்மானம் மாறும். வேறு மண்டபம் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. சிவப்புக் கட்சி வேட்பாளர் "பரிசீலிக்கிறோம்" என்றாராம். நீலக் கட்சி வேட்பாளர் மட்டும், மண்டபம் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டே கொடுத்துவிட்டார். அதை நம்பி யோகன் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, நம் சனத்தின் வாக்குகளுக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். எந்த மனிதனாவது அடுத்தவன் வாக்குக்குப் பொறுப்பேற்பானா? எனக்கு அப்போதே பொறுக்கவில்லை.

ஞாயிறு, காலை 10.00. அந்த நீல வேட்பாளர் வீட்டுக்கே வந்தார். மிஸ்டர் பெல்ச்சர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், கடைத்தெருவில் ஆணி, பூட்டு, குழாய் விற்கிற கடை வைத்திருப்பவர். பழையதை விடாதே, செலவைச் சுருக்கு என்கிற கட்சியில் இருக்கிற ஆள் கொஞ்சம் விறைப்பாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் முதல் காரியமாக எங்கள் வாசல் கதவின் தளர்ந்த கீலைப் பார்த்து, பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து முடுக்கினார். எல்லா வீட்டிலும் இதே வேலையாம்.

நானும் சும்மா விடவில்லை. தலைக்கு ஒரு வரி என்று உங்கள் கட்சிதானே கொண்டுவந்து நாட்டையே கொதிக்க வைத்திருக்கிறது, எந்த முகத்தோடு வாக்குக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். வசந்தி என் காலை மிதித்தாள். அவர் கோபப்படவில்லை. அந்த வரி மடத்தனம், கட்சிக் கூட்டத்திலும் சொன்னேன், ஆனால் இந்தத் தேர்தலில் ஜெயித்து அதை என்னால் எடுக்க முடியாது, எடுப்பேன் என்று சொன்னால் பொய் என்றார். தன்னால் முடிந்தது என்று மூன்றைச் சொன்னார்: நடைபாதைக் கல், குப்பை வண்டி, மண்டபம். மண்டபத்தை இடிக்கச் சொல்வது தன் கட்சிக்காரர்களும்தான், வாரநாளில் குழந்தைகள் காப்பகத்துக்கு வாடகைக்கு விட்டால் அது தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று கணக்கெழுதிக் காட்டி அவர்கள் வாயை அடைத்தேன் என்றார். கொள்கை என்ற சொல் ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை.

அவர் போன பிறகு, எப்படி ஐயா இந்தக் கட்சியில் போய் விழுந்தீர்கள் என்று யோகனைக் கேட்டேன்.

"பெரிய பேச்சுப் பேசுறவையை நாங்கள் ஊரில நிறையப் பாத்திட்டம் அக்கா. இந்தாள் ஏலாததை ஏலாது எண்டு சொல்லுது. அது காணும்."

அது போதுமாம் அவருக்கு.

ஞாயிறு, பிற்பகல் 4.00. தமிழில் நோட்டீஸ் தயாரித்தோம். யோகனின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், அதனால் பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதிய பிறகு, அடியில் என் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்தேன்: வாக்காளர் அட்டை இல்லாமல் வர வேண்டாம். திருச்சியில் பத்து வருஷம் வாக்குச்சாவடி வேலை பார்த்தவள் நான். பேரும் எண்ணும் எழுதின சீட்டு கையில் இல்லாமல் வருகிற கூட்டத்தால் வரிசை எப்படிக் குழம்பும் என்று எனக்குத் தெரியும்.

"இது தேவையோ அக்கா?" என்றார் யோகன். தானும் ஒவ்வொரு தடவையும் தபாலில் வந்த அட்டையோடுதான் போனாராம், ஆனால் கட்டாயமா என்று தெரியவில்லை என்றார். யாருக்குப் பாடம் சொல்கிறீர்கள், நான் செய்யாத தேர்தல் வேலையா என்று ஒரு போடு போட்டேன். வரி அப்படியே நின்றது. நகலெடுத்த பிறகு பார்க்க வந்த பெல்ச்சருக்குத் தமிழ் தெரியாது. எழுத்து அழகாயிருக்கிறது என்று பாராட்டிவிட்டு ஒரு கட்டு வாங்கிப்போனார்.

திங்கள் முதல் புதன் வரை. நாற்பத்தேழு தமிழ் வீடுகள், நூற்றுப் பதினெட்டு வாக்குகள். இலங்கை காமன்வெல்த் நாடு, அதனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் இங்கே வாக்கு உண்டாம். வேலையிலிருந்து யோகன் வந்ததும் ஐந்தரைக்குப் புறப்படுவோம். வீடுகள் எல்லாம் இரட்டை இரட்டையாக ஒட்டியிருக்கும். முன்னால் கையகலத் தோட்டம், மணியடித்தால் உள்ளே எண்ணெய்ச் சட்டியின் சத்தம். "வாங்கோ, இருங்கோ" என்பார்கள். வாக்குப் போடுவீர்களா என்றால் "ஓம்" என்பார்கள். எல்லா வீட்டிலும் ஓம். முந்தின நாள் சிவப்புக் கட்சிக்காரர் வந்தபோதும் ஓம் சொல்லித் தேநீர் கொடுத்திருக்கிறார்கள். வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்வது இவர்களிடம் வழக்கமில்லை. யோகன் ஒவ்வொரு ஓமுக்கும் பட்டியலில் ஒரு கோடு போட்டுக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மாலையில் ஒன்பது தேநீர் குடித்தவள் வேறு எப்படி இருப்பாள்?

செவ்வாய்க்கிழமை பகலில் வசந்தியை இழுத்துக்கொண்டு ரயிலில் பேக்கர் ஸ்ட்ரீட் போய், அங்கிருந்து பஸ் மாறி நாடாளுமன்றத்து மணிக்கூண்டைப் பார்த்தேன். எதிரில் ஒரு தேநீர் ஐம்பது பென்ஸ், நம் கணக்கில் பதினான்கு ரூபாய். குடித்து முடிப்பதற்குள் நாலு மணியாகிறது, நோட்டீஸ் கொடுக்கப் போகணும் என்று வசந்தி எழுப்பிவிட்டாள்.

வியாழன், காலை 8.00. வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். போலீஸ் ஒருவர், அவரும் கொட்டாவி விட்டுக்கொண்டு. விரலில் மை வைப்பதில்லை. வாசலில் இரு கட்சிக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாக்குப் போட்டு வருகிறவர்களின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரே பொட்டலத்து பிஸ்கட்டைத் தின்கிறார்கள். திருச்சியில் இந்நேரம் இரண்டு மண்டையாவது உடைந்திருக்கும். நானும் ஒரு நாற்காலியில் அமர்ந்தேன்.

மதியம் வரை நம் ஆட்கள் இருபது பேர்தான் வந்திருந்தார்கள். ஒன்றரையிலிருந்து மூன்று வரை ஒரு தலையும் இல்லை. வியாழக்கிழமை, ராகு காலம், வேறென்ன என்று நானே எல்லோரையும் சமாதானப்படுத்தினேன்.

மாலை 5.30. மொத்தம் முப்பத்து நான்கு. பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினோம். முதல் வீட்டில் "ஓம், போட்டிட்டம்" என்றார்கள். அடுத்த வீட்டிலும் போட்டாயிற்று. காலையிலிருந்து வாசலில் காவல் இருந்தவள் நான்; இவர்கள் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை. என்ன ஜனம் இது, முகத்துக்கு நேரே இப்படியா புளுகுவது என்று தெருவிலேயே கத்தினேன். யோகன் அடுத்த மணியை அடித்தார்.

மாலை 7.00. அது மன்னாரிலிருந்து வந்த ஸ்டெல்லா அக்காவின் வீடு. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். நாங்கள் கேட்டதும் அவர் என் நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார்.

"அட்டை இல்லாமல் வர வேண்டாம் எண்டு நீங்கள்தானே போட்டிருக்கிறியள்? எங்கட அட்டை நாலும் லோயரிட்ட. அகதிக் கேசுக்கு விலாசத்துக்கு அத்தாட்சி எண்டு குடுத்திட்டம். இந்த ரோட்டில முக்கால்வாசிப் பேரும் அப்பிடித்தான். உங்களிட்ட அதைச் சொல்ல வெக்கப்பட்டு, வாக்குப் போட்டாச்சு எண்டு சொல்லுவினம்."

அரசாங்கம் பேரும் விலாசமும் அச்சடித்துத் தபாலில் அனுப்பிய காகிதம். அகதி வழக்கு நடக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி எது? ஏப்ரலில் அட்டை வந்த வாரமே அவை வழக்கறிஞரின் கோப்புக்குள் போய்விட்டன. இது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாதவள் பேனாவைத் தொட்டிருக்கக் கூடாது.

வாக்குச்சாவடிக்கு ஓடினோம். விஷயத்தைக் கேட்டு பெல்ச்சர் விழித்தார். அட்டை எதற்கு, பேரையும் விலாசத்தையும் சொன்னால் போதுமே என்றார். தன் அட்டையைத் திருப்பிக் காட்டினார். இது இல்லாமலும் வாக்களிக்கலாம் என்று அதிலேயே அச்சாகியிருந்தது.

அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரம் எப்படிப் போனது என்று எழுத வராது. மூன்று கார்கள், ஒன்று பெல்ச்சரின் கடை வேன். ஸ்டெல்லா அக்கா வீட்டில் நால்வரும் உடுத்தியிருந்தபடியே வந்தார்கள். சிலர் வந்தார்கள். பலர் மாலை ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். பெட்ரோல் நிலையம், பேக்கரி, பத்து மைல் தள்ளி ஒரு கிடங்கு. ஒன்பது அடித்ததும் கதவை மூடினார்கள். கூட்டி வந்தது இருபத்தாறு பேர்.

வெள்ளி, காலை 8.10. தொலைபேசி வந்தது. பெல்ச்சர் பதினொரு வாக்கில் தோற்றுவிட்டார். யோகன் ரிசீவரை வைத்துவிட்டு, "சரி அக்கா, இண்டைக்குப் படகுக்குப் போவம்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் எனக்கு லண்டனைக் காட்டியதை என்னவென்று சொல்ல. ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு படகு, பாலம், மியூசியம், ஆர்ச்வேயில் முருகன் கோயில் என்று என் தாளில் இருந்த அத்தனையும் ஒன்று விடாமல் காட்டினார். இது இத்தனை வருஷம் பழையது, அது இத்தனை அடி உயரம் என்று விளக்கம் வேறு. நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். தேம்ஸ் நதி எப்படி இருந்தது என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். நான் சரியாகப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை, மாலை 5.00. ஹீத்ரோ. வசந்தி வரவில்லை, தமிழ்ப்பள்ளியின் சாமான்களை யார் வீட்டில் வைப்பது என்று பேசப் போயிருந்தாள். இடிப்பது உறுதியாகிவிட்டது, மண்டபத்துக்கு ஜூலை வரைதான் தவணை. பெட்டியை எடைபோட்டுக் கொடுத்த பிறகு நான் வாயைத் திறந்தேன். உங்கள் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அந்த வரியை எழுதியது நான், செயலாளர் அது தேவையா என்றுகூடக் கேட்டார் என்று எழுதுகிறேன் என்றேன்.

"அது முடிஞ்சுது அக்கா. நான்தான் எழுதினது எண்டு முடிவு வந்த வெள்ளியே சொல்லிப்போட்டன். செயலாளருக்கு வேற ஆளைப் போட்டிட்டினம்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கள் எங்கட வீட்டுக்கு வந்த ஆள்" என்றார். பிறகு என் பாஸ்போர்ட் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி உள்ளே வைக்கச் சொன்னார்.

விமானம் ஏறி உட்கார்ந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. யார்மேல் என்று மட்டும் இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது. திருச்சியில் பத்து வருஷம், சீட்டில்லாமல் வந்தவர்களை மேஜைக்கு அந்தப் பக்கமே நிறுத்தி, போய் எடுத்துக்கொண்டு வா என்று விரட்டியிருக்கிறேன். கூலி வேலைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள். வரிசை ஒழுங்காக நடந்தது என்று தாசில்தார் என்னைப் பாராட்டியிருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று நான் ஒரு தேர்தலிலும் எண்ணவில்லை.