பாத்ரூமில் நடந்த கார் விபத்து

என் இடது கால் முறிந்தது செய்யாற்றுக்கும் ஆரணிக்கும் நடுவில், சாலையோரப் புளியமரத்தில் கார் மோதியபோது. ஆனால் ஆரணியில் என்னைச் சேர்த்த தனியார் மருத்துவமனையில் எழுதி வைத்திருப்பதோ, நான் என் வீட்டுப் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று. எங்கள் பாத்ரூமைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அதற்குள் ஓர் ஆள் விழ வேண்டுமானால் முதலில் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும், அவ்வளவு இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் பட்டு நெய்கிறவர்கள். சேவூரில் வீடு, வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அவர் உட்காருவார், ஒன்றில் நான். சென்னையில் என் நாத்தனார் புது வீடு கட்டிக் குடிபோனார் என்று இரண்டு பேரும் போயிருந்தோம். விசேஷம் முடிந்து கிளம்பும்போது, கையில் பைகள் இருக்கிறதே என்று நாத்தனார் தன் போனிலேயே ஆப்பில் ஒரு கார் பிடித்துக் கொடுத்தார், பேருந்து நிலையம் வரைக்கும்.

என் வீட்டுக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. தெரு முனை திரும்புவதற்குள் டிரைவர் சிரித்துக்கொண்டே, "ஆரணி பக்கமாண்ணா? பேச்ச கேட்டுகினேதான் வரேன்" என்றார். அவருக்குச் சேத்துப்பட்டு. அவ்வளவுதான், இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சேத்துப்பட்டில் யாரைத் தெரியும், எந்தத் தெரு, யார் வீட்டுக்கு யார் சம்பந்தி என்று ஆரம்பித்துவிட்டார். டிரைவரும் அன்றைக்கு ஊருக்குத்தான் போகிறாராம். வெறும் வண்டியாகப் போவதற்குப் பதில் உங்களை வாசலிலேயே இறக்கிவிடுகிறேன், ஆப்பில் மட்டும் கேன்சல் பண்ணச் சொல்லுங்கள், பஸ்ஸுக்கு ஆவதைக் கொடுத்தால் போதும் என்றார். எங்கள் பக்கத்தில் ரிட்டர்ன் வண்டி கிடைத்தால் வேண்டாம் என்கிறவர் கிடையாது. இவர் அக்காவுக்குப் போன் போட்டார். அவரும் கேன்சல் பண்ணிவிட்டார். பஸ்ஸில் நசுங்காமல் போகிறோமே என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செய்யாறு தாண்டியதும் டிரைவரின் போன் கத்த ஆரம்பித்தது. ஆப்பை அணைக்க மறந்துவிட்டாராம், யாரோ சவாரி கேட்கிறார்கள். ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டே இன்னொரு கையை நீட்டி அதை அணைக்கப் பார்த்தார். வண்டி சாலையை விட்டு இறங்கியது. முன்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள், ஆளுக்கொரு சிராய்ப்போடு தப்பித்தார்கள். பின்சீட்டில் யார் பெல்ட் போடுகிறார்கள்? என் கால் முன்சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அந்த வழியாக வந்த லோடு வண்டியில் ஏற்றி ஆரணிக்குக் கொண்டுவந்தார்கள். வழி நெடுக டிரைவர் அழுதுகொண்டே வந்தார். எனக்காக அழுகிறார் என்றுதான் நினைத்தேன். மருத்துவமனை வாசலில் என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, போலீஸ் கேஸ் ஆச்சுன்னா என் லைசென்ஸ் போய்டும்ணா. வண்டி லோன்ல ஓடிகினு இருக்குது. நம்ம ஊர்க்காரங்க நீங்களே காட்டிக் குடுத்துட்டா நான் எங்க போவேன்?"

நம்ம ஊர்க்காரங்க. இந்த ஒரு வார்த்தைக்கு என் வீட்டுக்காரர் சொத்தையே எழுதி வைப்பார். உள்ளே, எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாங்க."

அப்போது ஒரு நர்ஸ் என் தலைமுடியில் இருந்து கார்க் கண்ணாடித் தூளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். நான் கட்டியிருந்தது பட்டுப்புடவை. பாத்ரூமில் பட்டுப்புடவை எதற்கு, கண்ணாடி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கும் போலீஸ் வராவிட்டால் ஒரு வேலை மிச்சம். எழுதிக்கொண்டார்கள்.

காலில் தகடு வைத்தார்கள். டிரைவர் ஒரு முறை ஆப்பிளோடு வந்தார், அடுத்த முறை ஆரஞ்சோடு வந்தார், பிறகு வரவில்லை. கட்டுப் பிரித்து, குச்சி ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் நான் முதலில் போனது தறிக்குத்தான். குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து, மிதிகட்டையை அழுத்தினேன். வலது கால் அழுத்தியது. இடது கணுக்கால் மடங்கவே இல்லை. மாற்றி மாற்றி மிதித்தால்தான் நெசவு. ஒற்றைக் காலால் மிதிக்க அது தையல் மெஷின் இல்லை. ஏறி வெளியே வரவும் முடியாமல் குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். கால் திரும்ப மடங்க இன்னொரு ஆபரேஷன் செய்யலாம், அப்படியும் முழுசாக வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்கு நாங்கள் எங்கே போவது?

ஆப் கம்பெனியில் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் உண்டு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாத்தனார் தன் போனிலிருந்தே எழுதிக் கேட்டார். நீங்கள் ரத்து செய்த பயணத்துக்குக் காப்பீடு பொருந்தாது என்று பதில் வந்தது. கூடவே, எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா, நட்சத்திரம் கொடுங்கள் என்று இன்னொன்று. நாத்தனார் பாவம், ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்து அழுதார்.

கடைசியில் ஆரணி கோர்ட் பக்கத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "வீட்லதாங்க இருக்காங்க" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணம் ஆனதிலிருந்து அதே வீட்டில் இவருக்குச் சமமாக நெய்கிறவள் நான். கூலி கொடுக்கும் இடத்தில் இரண்டு தறியும் இவர் பெயரில் இருப்பதால், யார் கேட்டாலும் நான் வீட்டில்தான் இருக்கிறேன். நான் முறைத்ததும், "தறியும் போடுவாங்க" என்று சேர்த்துக்கொண்டார். பொழுதுபோகாமல் போடுகிற மாதிரி.

வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். ஆப்பின் காப்பீடு போனால் போகட்டும், காருக்கென்று தனியாக இன்சூரன்ஸ் இருக்கிறது, அது இல்லாமல் வாடகைக் கார் ஓட்டக் கூடாது. அதில் அடிபட்டவர்கள் விபத்து நஷ்டஈட்டுக் கோர்ட்டில் கேட்கலாம், கேட்பது பிச்சை இல்லை, உரிமை. மனு போடக் காலக்கெடு இருக்கிறது, பாதிக்கு மேல் ஓடிவிட்டது. முதலில் போலீஸில் வழக்குப் பதிய வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் பாத்ரூம் என்று இருந்தால் போலீஸும் இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

"அந்தத் தம்பி பொழப்பு கெட்டுடக் கூடாதேன்னுதாங்க…" என்று இழுத்தார் இவர்.

"அவர் கைல இருந்து ஒண்ணும் போவாதுங்க. கேஸும் பெரும்பாலும் அபராதத்தோட முடிஞ்சிடும். இன்சூரன்ஸ் கம்பெனிதான் குடுக்கும். இதுக்குத்தானே வருஷா வருஷம் கட்டிகினு இருக்காரு?"

என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தார். யாரைக் காப்பாற்றுகிறோம் என்று இவர் பொய் சொன்னாரோ, அவருக்கு அந்தப் பொய் தேவையே இல்லை. ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் ஆபரேஷனுக்கு ஒரு வழி பிறந்திருக்கும். அன்றைக்குப் பஸ்ஸில் வீடு திரும்பும்வரை நான் இவரோடு பேசவில்லை. பேசினால் ஊர் கேட்கும்படி பேசிவிடுவேன்.

டிரைவர் உண்மையைச் சொன்னால் போதும் என்று இரண்டு பேரும் சேத்துப்பட்டுக்குப் போனோம். வாசலில் அதே கார், புது பம்பரோடு பளபளவென்று நின்றது. உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். வண்டியை எப்படிச் சரி செய்தீர்கள் என்று கேட்டேன். இன்சூரன்ஸில்தான் என்றார். புளியமரத்தில் மோதியதாகச் சொல்லி, போட்டோ கொடுத்து வாங்கினாராம். அப்படியானால் நாங்கள் உள்ளே இருந்ததையும் சொல்லியிருப்பீர்களே என்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

"வண்டில யாரும் இல்லன்னு சொல்லிட்டேங்க்கா. ஆப்ல கேன்சல் ஆன சவாரி… எதுக்குப் பேஜாருன்னு."

டிரைவருக்காக நாங்கள் சொன்ன கதையில் கார் இல்லை. அவர் சொன்ன கதையில் நான் இல்லை. பம்பருக்குக் கிடைத்தது என் காலுக்குக் கிடைக்கவில்லை. இதைக் கேட்டும் என் வீட்டுக்காரர், "சரி, பரவால்ல தம்பி" என்று ஆரம்பித்தார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியை ஊன்றி எழுந்துவிட்டேன். போலீஸ் கூப்பிட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்று மட்டும் டிரைவரிடம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? நான் இருந்தேனா இல்லையா என்பதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மறுநாளே விபத்து நடந்த எல்லைக்கு உரிய காவல் நிலையத்துக்குப் போனோம். பெரிய மீசை வைத்த ஏட்டு ஒருவர் ஆஸ்பத்திரிக் காகிதத்தை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த என்னை விட்டுவிட்டு, நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"இன்னாய்யா, பாத்ரூம்ல உழுந்தாங்கன்னு இருக்குது. நீ காருன்ற?"

இவர், "அது வந்துங்க சார்…" என்றார். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். யார் மனதும் நோகாமல் எல்லாரும் நல்லவர்களாக ஒரு பதில் அடுத்து வரும். நான் குச்சியால் மேஜைக் காலைத் தட்டினேன். வேண்டுமென்றுதான் தட்டினேன்.

"காலு என்னுதுங்க. என்னைக் கேளுங்க. நான் எங்கியும் உழல. கார்ல உக்காந்துகினு இருந்தேன்."

ஏட்டு என் பக்கம் திரும்பினார். என் காலைப் பார்த்தார். பிறகு, அப்படியானால் பாத்ரூம் என்று சொன்னது யார் என்று என்னைத்தான் கேட்டார்.

இத்தனை வருஷமாக எனக்கான பதிலையெல்லாம் இவர்தான் சொல்லியிருக்கிறார். இவருக்கான பதிலை நான் ஒரு முறையாவது சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அத அவரையே கேளுங்க."

என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இவருக்கு உதவி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

"நான்தாங்க சொன்னேன்" என்றார். "பொய்யிங்க அது. என் வீட்டுக்காரம்மா கார்ல இருந்தாங்க. அவங்க தறி நெய்யிறவங்க. இப்ப முடியல."

ஏட்டு பேனாவை எடுத்து, முதலில் இருந்து சொல்லுங்கம்மா என்றார். நாத்தனார் வீட்டு வாசலில் கார் ஏறியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.