எக்ஸ்டர்னலுக்குக் கன்னியாகுமரி காட்டிய நாள்

எங்கள் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர்களின் ஆய்வுத் தலைப்பு யாருக்கும் நினைவிருக்காது. பாயசம் நினைவிருக்கும். "அடைப்பிரதமன் போட்டாளே, அந்தப் பிள்ளை" என்றால் உடனே ஆளைப் பிடித்துவிடுவார்கள். "சேமியாவோட நிறுத்திட்டானே, அவன்தானே?" என்று உதட்டைப் பிதுக்கும்போது அந்த மனிதன் ஐந்தாறு வருஷம் ஆவணக் காப்பகத்தில் தும்மித் தும்மி எழுதிய ஆய்வேடு அடுப்புக்குள் போய்விடும். நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பேராசிரியை இந்த வரலாறு முழுவதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். வரலாற்றுத் துறை அல்லவா.

வைவா என்று நாங்கள் சொல்லும் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். அவர்தான் எக்ஸ்டர்னல். மாணவரின் வீட்டார் கல்யாணத்துக்கு வந்தது போல உடுத்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார்கள். கேள்விகள் முடிந்ததும் வாழையிலை விரியும். மாணவரே பரிமாற வேண்டும். சாப்பாடு முடிந்ததும் எக்ஸ்டர்னலைக் காரில் ஏற்றிக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய், படகில் ஏற்றி, அஸ்தமனம் காட்டி, நேந்திரங்காய் வற்றல் வாங்கிக் கொடுத்து, ரயிலேற்றிவிட வேண்டும். இதெல்லாம் எந்த விதிமுறையிலும் கிடையாது. விதிமுறையை எங்கள் துறையில் யாரும் மதித்ததில்லை. இதை மீறியவர் எவரும் இல்லை.

என் வைவா நாளில் நானும் இவ்வளவையும் ஒன்றுவிடாமல் செய்தேன். அன்று காலை என் அப்பா நெஞ்சுவலியோடு நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்டோவில் போனால் அரை மணி நேரம் ஆகாது. என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். செய்தி துறைக்கு வந்தது. துறை முழுவதற்கும் தெரிந்தது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்பாவுக்குத் தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம். படிப்பு அவருக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. மரியாதை உண்டு, பழக்கம் இல்லை. என் வழிகாட்டிப் பேராசிரியரை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். அன்று செருப்பைக் கழற்றி வராந்தாவில் விட்டுவிட்டு அறைக்குள் போனார். "ஸார், நீங்க பாத்து ஒரு வழி காட்டணும்" என்று கும்பிட்டார். ஸார் உட்கார்ந்தபடியே தலையசைத்தார். வெளியே வந்ததும் அப்பா என்னிடம், "எவ்வளவு அடக்கமான மனுஷன் பாத்தியா மக்ளே" என்றார். எழுந்து நிற்காததை அடக்கம் என்று எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்கும்.

வைவா அன்று விடிவதற்கு முன்னே சந்தைக்குப் போய், பிச்சிப்பூவும் அரளியும் அவரே பொறுக்கியெடுத்து, இரண்டு மாலை கட்ட வைத்து, தெரிந்த கண்டக்டரிடம் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். ஒன்று எக்ஸ்டர்னலுக்கு, ஒன்று ஸாருக்கு. அப்புறம் வீட்டுக்கு வந்து, குளித்து, புது வேட்டி உடுத்தி, அம்மாவோடு புறப்படும் நேரத்தில் கட்டிலில் சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டார் கார் பிடித்தார்கள். அம்மா ஆஸ்பத்திரி வாசலிலிருந்து என் போனுக்கு அழைத்தாள்.

போன் என்னிடம் இல்லை. வைவாவுக்கு உள்ளே போகுமுன் மாணவர் தன் போனை வழிகாட்டியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் இன்னொரு ஐதீகம். நடுவில் மணியடித்தால் எக்ஸ்டர்னலுக்கு மூடு போய்விடுமாம். நான் புரொஜெக்டருக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தபோது ஸார் வராந்தாவில் நின்று அம்மாவிடம் பேசியிருக்கிறார். அம்மா அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். "சரிம்மா, நான் சொல்லிருதேன். நீங்க தைரியமா இருங்க" என்றிருக்கிறார்.

கடைசி வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நான் ஸாரிடம் போய், "அம்மா போன் பண்ணினாளா ஸார்?" என்று கேட்டேன்.

"பண்ணினாங்க, பண்ணினாங்க. பஸ் கிடைக்கல்லியாம். வந்திருவாங்க. நீ பதறாம பேசு, கேட்டியா?"

நான் பதறாமல் பேசினேன். நாஞ்சில் நாட்டுக் குளங்களையும் மடைகளையும் பற்றிய ஆய்வு. எக்ஸ்டர்னல் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று குளத்தைப் பற்றி. இன்னொன்று, இங்கே மட்டிப்பழம் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று. கைதட்டினார்கள். என் அப்பா கட்டுவித்த மாலையை நானே ஸார் கழுத்தில் போட்டேன். "பூ நல்லாருக்கே" என்று முகர்ந்து பார்த்தார். அதைக் கொடுத்தனுப்பிய ஆள் எங்கே கிடக்கிறார் என்று தெரிந்தே முகர்ந்தார்.

பந்தியில் எல்லோரும் என்னிடம் வழக்கத்துக்கு மாறாக அன்பாக இருந்தார்கள். அதை வைத்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாயச வரலாறு சொன்ன அந்தப் பேராசிரியை என் தலையைத் தடவி, "நீயும் ரெண்டு வாய் சாப்பிடு மக்ளே, பிறகு நேரம் கிடைக்காது" என்றார். நான் எக்ஸ்டர்னலைக் கூட்டிப்போகும் அவசரத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். எரிசேரி, துவட்டல், பருப்பு, அடைப்பிரதமன். யாரும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டால் இலை முன்னால் உட்கார முடியாது. அவ்வளவு நாகரிகம் எல்லோருக்கும் இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

ஸாருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அடுத்த மாதம் அவருடைய பதவி உயர்வுக்கான குழுவில் இந்த எக்ஸ்டர்னல்தான் உட்காரப் போகிறார். எக்ஸ்டர்னலுக்கு விவேகானந்தர் பாறையைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசையாம்.

"போனைத் தாங்க ஸார், வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசிக்கிறேன்" என்றேன்.

"ஆபீஸ்ல சார்ஜ்ல போட்டிருக்கு. அஸிஸ்டென்ட் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டான். அம்மாகிட்ட நான் பேசியாச்சு. அப்பாவுக்கு லேசா மேலுக்கு முடியல்லியாம், அதான் வரல்ல. நீ இவரைக் கூட்டிட்டுப் போயிட்டு வா."

லேசா மேலுக்கு முடியல்ல. நான் அதை நம்பினேன். எங்கள் வீட்டில் ஸார் சொன்னால் அப்பீல் கிடையாது.

கன்னியாகுமரியில் படகுக்கு நீண்ட வரிசை. எக்ஸ்டர்னல் வெயில் தாங்காமல் என் துப்பட்டாவைக் கேட்டு வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார். பாறையில் நின்று விதவிதமாகப் படம் எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "வயிறு தெரியுதே, இன்னொண்ணு எடும்மா" என்றார். அவருடைய வயிறு தெரியாத ஒரு படத்துக்காக நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முயன்றுகொண்டிருந்த நேரத்தில்தான் அப்பா போனார். அந்த நேரத்தைப் பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தப் படம் நன்றாக வந்தது. அவருடைய போனில் இன்னும் இருக்கும்.

அவரை ரயிலேற்றிவிட்டுத் துறைக்கு வந்தபோது அலுவலகத்தில் உதவியாளர் மட்டும் இருந்தார். போனை நீட்டியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அழைத்தேன். அம்மாவின் போனைப் பக்கத்து வீட்டு அக்கா எடுத்து, "இப்பம்தான் உனக்கு நேரம் கிடைச்சுதாட்டி?" என்றாள்.

வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் யாரோ, "டாக்டர் வந்தாச்சு, வழி விடுங்கடே" என்றார். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை ஓய்ந்த முகம். என்னை நிமிர்ந்து பார்த்து, "முடிஞ்சுதா உனக்க பரீட்சை?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். கதறிச் சொன்னேன். எவரும் நம்பவில்லை. அம்மா நம்பவில்லை என்பதுதான் என்னை அறுத்தது. "ஸாரு எங்கிட்ட நல்ல தெளிவா சொன்னாரே, சொல்லிருதேன்னு. அவருக்குப் பொய் சொல்ல என்ன தேவை? நீ அந்தப் பரீட்சை வெப்ராளத்தில வரல்லன்னா வரல்லன்னு சொல்லு" என்றாள். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். 'அவளுக்குச் சொல்லியாச்சு, இப்பம் வருவா' என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாளாம். கடைசியில் அவர், "பரவால்ல, அவ முடிச்சிட்டே வரட்டும்" என்றாராம். பதினாறாம் நாளிலும், வருஷத் திதியிலும், வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அம்மா இதைச் சொன்னாள். கேட்டவர்கள் என்னைப் பார்த்தார்கள். சுற்றத்தில் ஒரு கல்யாண வீட்டில், "பெத்த அப்பனைவிடப் பட்டம் பெருசாப் போச்சு இவளுக்கு" என்று என் காதுபடவே சொன்னார்கள்.

நான் ஸாரிடம் போய், அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். காலில் விழாத குறைதான். "இப்பம் எதுக்கு அதையெல்லாம் கிளறணும்? உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார். அவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டிருந்தது. பிறகு எனக்கும் அதே துறையில் வேலை கிடைத்தது. வேண்டாம் என்று முகத்தில் எறிந்திருக்கலாம் என்பவர்கள் என் வீட்டு உலையில் அரிசி போடுவார்களா? சேர்ந்தேன். அவரை வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொன்னேன். மனதுக்குள் என்ன சொன்னேன் என்பதை அச்சில் போட முடியாது.

போன வருஷம் ஸார் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்துக்கு எல்லோரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று உத்தரவு. அம்மா ஆசையாகப் பட்டுச்சேலை உடுத்தி வந்தாள். அவளுக்கு ஸார் மீது ஒரு குறையும் கிடையாது, குறையெல்லாம் என்மீதுதான். ஒவ்வொருவராக எழுந்து புகழ்ந்தார்கள். கடைசியில் ஸார் ஏற்புரைக்கு எழுந்தார். மாணவர்களுக்காகத் தான் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று என் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தப் பிள்ளைக்க வைவா அன்னைக்கு இவ அப்பா ஆஸ்பத்திரியில சீரியஸா கிடக்காரு. எனக்குப் போன் வருது. சொன்னா இவ ஓடிருவா. எக்ஸ்டர்னல் திரும்பி வர மாசக்கணக்காகும், இவ படிப்பு என்ன ஆகும்? மனசைக் கல்லாக்கிக்கிட்டு, இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, சாயங்காலம் வரை நான் ஒருத்தனா அந்தப் பாரத்தைச் சுமந்தேன். இன்னைக்கு அவ டாக்டர். இதுதான் குருவுக்க கடமை."

அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு துணைப் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வைவா அன்று மூன்று முறை பிரதமன் வாங்கிக் குடித்தவர் அவர். ஒருத்தனாகச் சுமந்த பாரம் எத்தனை இலைகளில் பங்கு போடப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

அம்மா கைதட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி பந்தியிலும் விடவில்லை. ஸார் மாலையும் கழுத்துமாக ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். எங்கள் முன்னால் நின்றபோது அம்மா எழுந்து நின்றாள்.

"ஸார், அவகிட்டச் சொல்லல்லன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அவளுக்குத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லிட்டேனே நான். அதைக் கேட்டுட்டுல்லா அவரு போனாரு."

ஸார் மாலையைச் சரிசெய்துகொண்டார். "எல்லாம் மேல இருக்கவன் எழுதினது அம்மா" என்றார். பிறகு பரிமாறுகிற ஆளைக் கூப்பிட்டு, "அம்மா இலையில பாயசம் இல்ல பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

தோவாளையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அம்மா, "அப்பம் நீ சொன்னது நெசந்தானா மக்ளே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இத்தனை வருஷம் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பட்டுச்சேலையைக்கூட மாற்றவில்லை. நேராக அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"கேட்டீளா, அன்னைக்கு இவளுக்கு ஒண்ணும் தெரியாதாம். நம்ம ஸாரே சொல்லிட்டாரு" என்றாள்.