கிணற்றடி உமரி

சாய ஆலைக்குப் பின்னால் இருக்கும் தரிசில் அவள் இருபது வருடமாகச் செடிகளைக் கணக்கெடுக்கிறாள். முதுகைத் திருப்பிக்கொண்டு இரும்புச் சட்டத்தை எறிவாள். அது விழுந்த சதுரத்துக்குள் இருப்பதை எண்ணுவாள். முதல் வருடம் பதினெட்டு வகை இருந்தன. இன்று எறிந்த இடத்திலெல்லாம் ஒன்றுதான்: உப்பேறிய மண்ணில் வளரும் உமரி.

தாகத்துக்கு வேலியை ஒட்டியிருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"வாம்மா புல்லு கலெக்டர், எண்ணி முடிச்சாச்சா?" என்று அண்ணி டம்ளரை நீட்டினாள். "கிணத்துத் தண்ணி, கொஞ்சம் கரிக்கும். எங்களுக்குப் பழகிடுச்சு."

அவள் கிணற்றடியைப் பார்த்தாள். சிவந்த தண்டோடு உமரி தழைத்திருந்தது.

"இது எப்போ வந்துச்சு அண்ணி?"

"சின்னவ வயித்துல இருந்தப்போ. அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். உள்ளே அண்ணன், எட்டு மாதச் சின்னவளுக்கு அந்தத் தண்ணீரில்தான் பால்மாவு கரைத்துக்கொண்டிருந்தான்.